இழுப்பறையைக் கவிழ்த்துப் பாருங்கள்: பழைய அமெரிக்கத் தச்சர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஏறக்குறைய 1650 முதல் 1840 வரை, ஆலைகள் வந்து கைவேலையை ஓரங்கட்டும் முன்பு, மேஜை, நாற்காலி, அலமாரி செய்த தச்சர்களைப் பற்றிய பக்கம் இது. அவர்கள் செய்த பொருள்களைப் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்கு இது தொழில் இல்லை. வாரக் கடைசியில் மரம் இழைக்கிறவன் நான். மற்ற நேரங்களில் இந்தப் பொருள்களின் முதுகையும் அடிவயிற்றையும் படம் படமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேபினட் மேக்கர் என்றால் யார்? வீடு கட்டும் தச்சர் வேறா?

நகரங்களில் வேறுதான். வீட்டுத் தச்சர் உத்தரம், கூரை, மாடிப்படி செய்வார். ஜாய்னர் என்பவர் சட்டமும் பலகையுமாகப் பெட்டி செய்வார். ஓக் மரத்தை வாளால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்து, ஈரம் முழுதும் காயும் முன்பே இழைத்து, கழுந்தும் துளையுமாகப் பூட்டி, மர ஆணி அடித்து இறுக்குவார். மாசசூசெட்ஸில் இப்ஸ்விச் ஊர்க்காரர் தாமஸ் டென்னிஸ் பேரில் சொல்லப்படும் செதுக்குப் பெட்டிகள் அந்த வகை. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் பாணி வந்து சேர்ந்தபோது வேலையும் மாறியது. அகலப் பலகைகளைப் புறா வால் மாதிரி விரிந்த இணைப்பால் கோத்துப் பெட்டி செய்வதும் மேலே மெல்லிய மரத்தகட்டை (வெனீர்) ஒட்டுவதும் வந்தன. அந்த வேலைக்காரர்தான் கேபினட் மேக்கர்.

பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா மாதிரி ஊர்களில் கடைசல் பிடிப்பவர், சிற்பம் செதுக்குபவர், மெத்தை கட்டுபவர் என்று தனித்தனியாக இருந்தார்கள். கிராமத்தில் அந்தப் பிரிவெல்லாம் கிடையாது. தொட்டிலும் அவர்தான், சவப்பெட்டியும் அவர்தான்.

பட்டறை எப்படி நடந்தது என்று இன்றைக்கு எப்படித் தெரியும்?

நான்கு வழிகளில் தெரிகிறது. கணக்குப் புத்தகங்கள், இறந்தவரின் சொத்துப் பட்டியல்கள், பத்திரிகை விளம்பரங்கள், அப்புறம் பொருள்களே சொல்லும் சாட்சி. கணக்குப் புத்தகத்துக்கு நல்ல உதாரணம் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரத்துத் தாமஸ் எல்ஃப். அவருடைய 1768 முதல் 1775 வரையான கணக்கு தப்பிப் பிழைத்திருக்கிறது. அந்த எட்டு வருஷத்தில் சுமார் 1,500 பொருள்கள் அவர் பட்டறையை விட்டு வெளியே போயிருக்கின்றன. கணக்கைப் படித்தால் பெரிய அலமாரிகளுக்கு நடுவே ரிப்பேர் வேலைகளும் சில்லறை வேலைகளும் வரும். பட்டறைக்குச் சோறு போட்டது அதுவும்தான்.

பூமியும் சாட்சி சொல்லியிருக்கிறது. வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் நகரில் ஆண்டனி ஹே என்பவரின் பட்டறை ஒரு சின்ன ஓடைக்கு மேலே நீட்டிக் கட்டியிருந்தது. அந்த இடத்தைத் தோண்டியபோது ஓடைச் சேற்றிலிருந்து மேஜை நாற்காலித் துண்டுகளும் கருவிகளும் கிடைத்தன. வேண்டாம் என்று அன்றைக்குத் தூக்கிப் போட்டதைச் சேறு பத்திரமாக வைத்திருந்தது. அதே இடத்தில் பட்டறையைத் திரும்பக் கட்டி, இன்றும் கைக்கருவிகளோடு தச்சர்கள் அங்கே வேலை செய்கிறார்கள்.

ஆனால் ஒரே ஒரு பட்டறையைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் நான் டொமினி குடும்பத்தைச் சொல்வேன். நியூயார்க்கின் லாங் ஐலண்டில், ஈஸ்ட் ஹாம்ப்டன் ஊர். அப்பா நதானியேல் டொமினி (1737–1812), அதே பேர் கொண்ட மகன் நதானியேல் (1770–1852), பேரன் ஃபீலிக்ஸ் (1800–1868). மூன்று தலைமுறையும் ஒரே பட்டறையில் மேஜை நாற்காலி, கடிகாரம், துப்பாக்கிக் கட்டை, காற்றாலை என்று கேட்டதையெல்லாம் செய்தது. மகன் நதானியேல் 1806-ல் கட்டிய ஹூக் மில் காற்றாலை இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. வீட்டை 1946-ல் இடித்துவிட்டார்கள். கருவிகள் மட்டும் சிதறாமல் தப்பின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றை டெலவேரில் உள்ள விண்டர்தூர் மியூசியம் 1957-ல் வாங்கி, பட்டறையைத் திரும்ப அமைத்துக் காட்டியது.

கருவி தனியாக, கணக்கு தனியாக, நாற்காலி தனியாகப் பல இடங்களில் கிடைக்கும். கருவியும், அந்தக் கருவியால் செய்த நாற்காலியும், அதை வாங்கியவர் பேர் எழுதிய கணக்கும், நாற்காலிக் காலை வரைய வைத்திருந்த அச்சுப்பலகையும் ஒரே குடும்பத்திடமிருந்து கிடைப்பது மிகவும் அபூர்வம். அந்த அச்சுப்பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறைக்கும். நல்ல வளைவு ஒன்றை ஒரு தடவை வரைந்து பலகையில் வெட்டி வைத்துக்கொண்டால், மகனும் பேரனும் அதே வளைவை வரையலாம். பாணி என்று நாம் பெரிதாகப் பேசுவதில் பாதி, சுவரில் மாட்டியிருந்த அந்தப் பலகைதான்.

ஒரு பழைய இழுப்பறை கையில் கிடைத்தால் எதைப் பார்க்க வேண்டும்?

முகப்பை விட்டுவிடுங்கள். முழுதாக வெளியே எடுத்து, கவிழ்த்து, ஜன்னலோரம் சாய்ந்த வெளிச்சத்தில் வையுங்கள்.

முதலில் விரல் நுனியால் அடிப்பலகையைத் தடவுங்கள். தட்டையாக இருக்காது, சின்னச் சின்ன அலைகள் தட்டுப்படும். முதல் இழைப்புக்கு வைத்திருந்த இழைப்புளியின் அலகு விளிம்பு நேராக இல்லாமல் கொஞ்சம் வளைவாகத் தீட்டியிருக்கும். அப்படி இருந்தால்தான் நிறைய மரம் வேகமாகக் கழியும். ஒவ்வொரு இழுப்பும் ஒரு ஆழமில்லாத வாய்க்கால். அந்த வாய்க்கால்களை அடுத்த இழைப்புளியால் சமன் செய்வது கண்ணில் படும் பக்கத்துக்கு மட்டும்தான்.

அடுத்து மூலை. பக்கப்பலகை அரை அங்குலத்துக்குள் இருக்கும். முகப்புப் பலகையோடு அதைக் கோக்கும் இணைப்பு புறா வால் மாதிரி விரிந்திருக்கும். முன்னே இழுத்தால் கழன்று வராது. வால்கள் முடியும் இடத்தில் பலகையின் குறுக்கே மெல்லிய கீறல் ஒன்று ஓடும். கோடு கீறும் கட்டையால் போட்ட அளவுக் கோடு அது. அழிக்கவில்லை. முகப்புப் பலகையின் உட்புறத்தைப் பாருங்கள். வாலுக்கான குழியை உளியால் எடுப்பதற்கு முன் வாளால் சாய்த்து அறுத்திருப்பார். அந்த அறுப்பு பல சமயம் அளவுக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடியிருக்கும். தெரிந்தே விட்டது. வாள் கொஞ்சம் அதிகம் ஓடினால் உளிக்கு வேலை குறையும். இழுப்பறைக்குள்ளே துணி கிடக்கப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள்?

அடிப்பலகை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். அதன் விளிம்புகளைக் கீழ்ப்பக்கம் சரிவாகச் சீவி, முகப்பிலும் பக்கங்களிலும் வெட்டிய காடிக்குள் பின்னாலிருந்து தள்ளியிருப்பார். பின்பக்கம் ஒன்றிரண்டு ஆணி, அவ்வளவுதான். வச்சிரப் பசை போட்டு ஒட்டியிருக்க மாட்டார். மரம் காற்றின் ஈரத்துக்கும் வறட்சிக்கும் அகலவாக்கில் விரிந்து சுருங்கும், ஒட்டினால் பிளந்துவிடும்.

கடைசியாக, சாக்குக்கட்டியில் அல்லது பென்சிலில் போட்ட எண், எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எது எந்தப் பக்கம், எது எந்த வரிசை என்று அந்தத் தச்சர் தனக்காகப் போட்டுக்கொண்ட குறி. 250 வருஷம் கழித்து அதை நாம் படிக்கிறோம்.

அடிப்பக்கத்தைச் சொரசொரப்பாக விட்டது அவசர வேலை இல்லையா?

இல்லை. இந்தத் துறையில் எனக்குப் பிடிவாதமான கருத்து ஒன்று உண்டு என்றால் இதுதான். முகப்பில் மயிரிழை இடைவெளி இல்லாமல் பூட்டிய அதே கைதான் அடிப்பலகையை இரண்டே இழுப்பில் முடித்தது. எங்கே கண் போகும், எங்கே கை போகும், எங்கே பாரம் இறங்கும் என்று அவருக்குத் தெரியும்; உழைப்பை அங்கே போட்டார். இன்று நாம் மெஷினில் இழைத்த பலகையை வாங்குகிறோம். இரண்டு பக்கமும் வழுவழுப்பு, இரண்டு பக்கமும் ஒரே கனம். அதனால் உழைப்பை எங்கே செலவழிப்பது என்ற கேள்வியே நமக்கு வருவதில்லை. அவருக்கு ஒவ்வொரு பலகையிலும் வந்தது. அந்தத் தீர்ப்பைத்தான் நான் கைத்திறனின் உச்சம் என்று நினைக்கிறேன், முகப்பில் செதுக்கும் சிப்பி அலங்காரத்தை அல்ல.

அப்படியென்றால் கைவேலை மெதுவானது என்பது தவறா?

பெரும்பாலும் தவறு. வேலைக்கு இன்ன விலை என்ற கணக்கில் வேலை நடந்தது. ஃபிலடெல்ஃபியாவில் 1772-ல் அச்சான விலைப்புத்தகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் மகாகனியில் செய்தால் என்ன விலை, வால்நட்டில் செய்தால் என்ன விலை, கூலித் தச்சருக்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறது. மேஜைக் காலின் அடியில் பறவை நகம் செதுக்கினால் இவ்வளவு கூட்டு என்கிற கணக்கும் உண்டு. 1790-களில் அந்த ஊர்க் கூலித் தச்சர்கள் சேர்ந்து கூலி உயர்வு கேட்டுத் தாங்களே ஒரு விலைப்புத்தகம் அச்சிட்டார்கள். நேரம் அவர்களுக்குக் காசு. வாளைக் கோடு தாண்டி ஓட விட்டதன் காரணம் அங்கே இருக்கிறது.

எந்த மரம்?

உள்ளூரில் வால்நட், செர்ரி, மேப்பிள். பணக்கார வீட்டுக்கு மகாகனி. காலனிகளிலிருந்து வரும் மரத்துக்கான சுங்கத்தை 1721-ல் இங்கிலாந்து பாராளுமன்றம் எடுத்தது. அதன் பிறகு ஜமைக்கா மகாகனி வெள்ளமாக வந்தது. அங்கே நல்ல மரம் அருகியதும் ஹோண்டுராஸ் பக்கம் போனார்கள். வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். காட்டில் மகாகனி கூட்டமாக வளராது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். அதனால் ஒரு ஆள் உயரமான மரத்தில் ஏறி, இலையின் நிறத்தை வைத்து எந்தத் திசையில் மகாகனி நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். மியூசியத்தில் பளபளக்கும் ஒவ்வொரு மகாகனி மேஜைக்கும் பின்னால் அந்த மரமேறி இருக்கிறார். நம் ஊரில் இப்போது தோட்டத்தில் நடும் மகாகனியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அதே இனம்தான்.

ஆனால் ஆராய்ச்சிக்கு மகாகனி அதிகம் உதவாது. எல்லாத் துறைமுகத்துக்கும் அது வந்தது. உள்ளே மறைந்திருக்கும் மலிவு மரம்தான் ஊரைக் காட்டிக்கொடுக்கும். இழுப்பறைப் பக்கம் வெள்ளைப் பைன் என்றால் பாஸ்டன் பக்கம் யோசிக்கலாம். செஸ்ட்நட்டும் ட்யூலிப் பாப்லரும் சேர்ந்து வந்தால் நியூபோர்ட். அடிப்பலகை வெள்ளை சீடார் என்றால் ஃபிலடெல்ஃபியா. இது ஒரு குறிப்புத்தான். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

நியூபோர்ட் பேர் ஏன் இவ்வளவு அடிபடுகிறது?

ரோட் ஐலண்டில் இருந்த அந்தச் சின்னத் துறைமுகத்தில் டவுன்சென்ட், காடர்ட் என்று இரண்டு குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பங்கள். ஜான் காடர்டும் அவர் சகோதரர் ஜேம்ஸும் ஜோப் டவுன்சென்டின் இரண்டு பெண்களைக் கட்டினார்கள். அதன் பிறகு தொழிலும் சொந்தமும் ஒன்றாகிவிட்டன. அவர்கள் செய்த மேஜைகளில் முகப்பு மூன்று பத்திகளாக நிற்கும்: இரண்டு ஓரமும் புடைத்து, நடு உள்வாங்கி. ஒவ்வொரு பத்தியின் தலையிலும் செதுக்கிய ஒரு சிப்பி. பிரௌன் குடும்பத்துக்குச் செய்த எழுதுமேஜை அலமாரி ஒன்று 1989-ல் 1 கோடியே 21 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதற்கு முன் உலகில் எந்த மேஜை நாற்காலிக்கும் அந்த விலை வந்ததில்லை.

விலையை விட எனக்குப் பிடித்தது வேறு. ஜான் டவுன்சென்ட் (1733–1809) தன் இழுப்பறைகளில் வரிசைக்கு எழுத்துப் போடுவார். பேர் இல்லாத பொருளை அவருடையதா என்று பார்க்க, அந்தக் கையெழுத்தின் சுழியையும் ஒப்பிடுகிறார்கள்.

இன்னொன்று, அவர்கள் செய்ததெல்லாம் இப்படிப்பட்ட அரிய பொருள்கள் என்று நினைக்க வேண்டாம். சாதாரண எழுதுமேஜைகளை மொத்தமாகச் செய்து மேற்கிந்தியத் தீவுகளுக்கும் தெற்குக் காலனிகளுக்கும் கப்பலில் ஏற்றி விற்றார்கள்.

பட்டறையில் யாரெல்லாம் வேலை செய்தார்கள்?

முதலாளித் தச்சர், கூலித் தச்சர்கள், பதினான்கு வயசு வாக்கில் ஒப்பந்தம் எழுதிச் சேர்த்துவிட்ட பையன்கள். கடைசலின் பெரிய சக்கரத்தைச் சுற்றுவது, வச்சிரப் பானையைச் சூடாக வைத்திருப்பது, சீவலைக் கூட்டுவது எல்லாம் பையன்கள் தலையில். தெற்கே அடிமைகளாக வைக்கப்பட்ட தச்சர்கள் நிறையப் பேர். எல்ஃப் பட்டறையிலும் அப்படித்தான். பொருளில் ஒட்டிய சீட்டில் முதலாளி பேர் மட்டும் இருக்கும்.

சிலரின் பேர் மட்டும் தப்பி வந்திருக்கிறது. மாசசூசெட்ஸில் ரெந்தம் ஊரில் ஃபிரான்சிஸ் நிக்கல்சன் இழைப்புளி செய்பவர். அவரிடம் அடிமையாக இருந்தவர் சீசர் செலோர். நிக்கல்சன் 1753-ல் இறந்தபோது உயில்படி செலோருக்கு விடுதலை கிடைத்தது. கூடவே 10 ஏக்கர் நிலமும் வேலை செய்யக் கருவிகளும். அதன் பிறகு 1784-ல் சாகும் வரை சொந்தமாகத் தொழில் செய்தார். அவருடைய இழைப்புளியின் மூக்கில், மரத்தின் குறுக்கு வெட்டில், இரும்பு அச்சால் அடித்த முத்திரை இருக்கும்: தன் பேர், கீழே ‘ரெந்தத்தில் வசிப்பவர்’. ஒரு காலத்தில் அடிமையாக இருந்த ஒருவர் தன் பேரை ஒவ்வொரு கருவியிலும் சுத்தியலால் அடித்துப் பதித்திருக்கிறார். அந்த முத்திரையின் படத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

ஜான் ஹெம்மிங்ஸ் கதையும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ பண்ணையில் அடிமையாக இருந்த தேர்ந்த தச்சர். 1825-ல் ஜெஃபர்சனின் பேத்திக்குக் கல்யாணப் பரிசாக ஒரு எழுதுமேஜை செய்தார். பாஸ்டனுக்குப் போகும் வழியில் அது கடலோடு போய்விட்டது. ஹெம்மிங்ஸ் உடைந்துபோனார். அதற்கு ஈடாக ஜெஃபர்சன் அனுப்பியது, 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தை எழுத வைத்திருந்த சின்ன மகாகனி மேஜையை. ஃபிலடெல்ஃபியா தச்சர் பெஞ்சமின் ராண்டால்ஃப் செய்தது அது. இன்று ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது. அடுத்த வருஷம் ஜெஃபர்சன் இறந்தபோது உயிலில் ஹெம்மிங்ஸுக்கு விடுதலையும் அவர் பட்டறைக் கருவிகளும் எழுதப்பட்டிருந்தன.

வட கரோலினாவில் மில்டன் ஊரில் தாமஸ் டே (1801–1861) பிறப்பிலேயே சுதந்திரமான கறுப்பினத்தவர். அந்த மாநிலத்தின் பெரிய பட்டறைகளில் ஒன்றை நடத்தினார். வர்ஜீனியாவிலிருந்து மனைவியை அழைத்து வரச் சட்டம் குறுக்கே நின்றபோது, 1830-ல் சட்டசபை அவருக்காகத் தனி அனுமதி கொடுத்தது. அவரும் அடிமைகளை வைத்து வேலை வாங்கினார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

உப்புத்தாள், பாலிஷ்?

உப்புத்தாளுக்குப் பெரிய இடம் இல்லை. கூரான இழைப்புளிக்குப் பிறகு இரும்புச் சுரண்டி, தேவைப்பட்டால் செங்கல் பொடியும் ஆளிவிதை எண்ணெயும். மேலே மெழுகு, எண்ணெய் அல்லது சாராயத்தில் கரைத்த வார்னிஷ். அந்த வார்னிஷுக்கான அரக்கு இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே அடையாளத்தை நம்பாதீர்கள். சில அளவுகோல்கள் உண்டு. வாள் தடம் நேர்கோடாக இருந்தால் கைவாள் அல்லது தண்ணீர் ஆலையின் மேலும் கீழும் ஓடும் வாள். வில் மாதிரி வளைந்திருந்தால் வட்ட வாள், அது பரவலானது ஏறக்குறைய 1830-க்குப் பிறகு. கொல்லர் அடித்த ஆணி நான்கு பக்கமும் கூம்பும். 1790-களிலிருந்து தகட்டில் வெட்டிய ஆணி வருகிறது. திருகாணியின் நுனி மொட்டையாக இருந்தால் பழசு. கூர் நுனி 1846 காப்புரிமைக்குப் பிறகுதான் பரவியது. வட்ட மேஜையை இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். உண்மையான பழைய வட்டம் இன்று வட்டமாக இருக்காது. ரேகைக்குக் குறுக்கே சுருங்கி நீள்வட்டமாகியிருக்கும்.

தெரிந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். ரோட் ஐலண்ட் சிற்பி அர்மாண்ட் லாமான்டேன் 1969-ல், 17-ஆம் நூற்றாண்டு பாணியில் ஒரு பெரிய கடைசல் நாற்காலி செய்து, வேண்டுமென்றே பழசாக்கி வெளியே விட்டார். ஹென்றி ஃபோர்டு மியூசியம் அதை 9,000 டாலருக்கு வாங்கியது. பின்னால் அவரே உண்மையைச் சொன்னார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது துளைகளின் அடியில் நவீனத் துரப்பண அலகின் தடம் தெரிந்தது. மியூசியம் அந்த நாற்காலியைத் தூக்கி எறியாமல் பாடம் சொல்ல வைத்துக்கொண்டதை நான் மதிக்கிறேன்.

அமெரிக்கா போகாமல் படிக்க முடியுமா?

முடியும். யேல் பல்கலைக்கழகத்தின் ரோட் ஐலண்ட் ஃபர்னிச்சர் ஆர்க்கைவ் இணையத்தில் இலவசம்; உள் அமைப்பு, மரம், எழுத்துக்குறி எல்லாம் பொருள் வாரியாக இருக்கும். விண்டர்தூர், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் (மெட்) மியூசியம் இரண்டின் படத்தொகுப்புகளும் திறந்திருக்கின்றன. தெற்கத்திய தச்சர்களுக்கு வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலத்தில் உள்ள மெஸ்டா மியூசியம். நான் செய்வது இதுதான்: ஒரு வாரத்துக்கு ஒரே பொருள். எல்லாப் படத்தையும் திறந்து, முகப்புப் படத்தைக் கடைசியில் பார்ப்பேன்.

நானும் ஒன்று செய்து பார்க்கலாமா?

கட்டாயம். நாற்காலி வேண்டாம், ஒரே ஒரு இழுப்பறை. பலகை கரடாகவே இருக்கட்டும், மெஷினில் இழைத்துத் தரச் சொல்லாதீர்கள். ஒரு வாள், ஒரு இழைப்புளி, இரண்டு உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், கோடு கீறும் கட்டை போதும். வச்சிரம் ஹார்ட்வேர் கடையில் கிடைத்தால் வாங்கி, முந்தின ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். கொதிக்க விட்டால் பிடிப்பு போய்விடும். நான் முதல் தடவை கொதிக்க விட்டேன், மூன்றாம் நாள் மூலை கையோடு வந்தது.

அடிப்பலகையின் கீழ்ப்பக்கத்தை இழைக்கும்போது நிறுத்தத்தான் கஷ்டமாக இருக்கும். இரண்டு இழுப்புக்கு மேல் போகாதீர்கள். காடிக்குள் சறுக்கிக்கொண்டு போகிறதா என்று மட்டும் பாருங்கள்.